முன்கையில் ஒரு வெளுப்பு

சைதாப்பேட்டை வண்ணார் துறையை விட்டுக் கால் மைல் வந்திருப்பேன். கல்லில் துணி விழுகிற சத்தம் இன்னும் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆற்றங்கரை மேட்டின் மேல் கிழக்கே பார்த்து நடந்தேன். சட்டையின் வலது கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டிருந்தேன். சித்திரை வெயிலில் யார் அப்படி நடப்பார்கள்? எதிரே வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கையைத்தான் பார்க்கிறார்கள் என்று பட்டது.

யுத்த காலம் அது. பட்டாளத்துக் காக்கித் துணி மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்ததால், துறையில் யார் என்று கேட்காமல் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டார்கள். துணி அவிக்கும் வெள்ளாவி அடுப்புக்கு விறகு போட்டு, காக்கி அலசி, ஏழு மாதம் அங்கே சாப்பிட்டேன். என் கணக்கில் அது நீண்ட காலம். எங்கேயும் ஒரு வருஷம் தங்கியவனில்லை. ஆனால் மற்ற இடங்களை நானாக விட்டேன். இங்கிருந்து துரத்தினார்கள்.

அன்று காலை வெள்ளாவிப் பானையைத் திறந்தபோது கொதிநீர் எங்கள் கைகளில் தெறித்தது. பக்கத்தில் நின்றவன் துள்ளினான். நான் துள்ளவில்லை. துறையின் மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டார். என் கையைப் பிடித்துத் திருப்பினார். முன்கையின் உள்பக்கம் அரையணாக் காசு அகலத்துக்கு ஒரு வெளுப்பு இருந்தது.

"இது எத்தினி நாளா கீது?"

"தெரியல மேஸ்திரி. பொங்கலுக்கு இல்ல."

அவர் என் கையை விட்டுவிட்டு, தன் கையை ஆற்றில் கழுவினார். மணலைப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். "சோல்ஜருங்க துணி இது. உனக்கு குஷ்டம்னு அவனுங்களுக்குத் தெரிஞ்சா என் பொயப்பு பூடும். சத்தம் போடாம போய்டு நைனா. உன்ன ஒண்ணும் சொல்லலே. போய்டு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பரிதாபமாகச் சொன்னார். அதனால்தான் அது உண்மையாக இருக்கும் என்று பட்டது.

பாதி ஊர் காலியாகக் கிடந்த நாட்கள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று குடும்பம் குடும்பமாக ரயில் ஏறிவிட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டப் பங்களாக்களில் பெரிய பெரிய பூட்டுகள் தொங்கின. தெருவில் மிச்சமிருந்தவர்கள் நடக்கும்போதே அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் பயப்பட வேண்டியது சட்டைக்குள் இருந்தது.

கோட்டூர் தாண்டிக் கரையில் உட்கார்ந்தேன். காலடியில் தொட்டாற்சுருங்கி படர்ந்திருந்தது. கால் விரல் பட்டதும் இலைகள் மடங்கின. யாரும் நட்டு வளர்க்காத, ஆடுகூட வேண்டாம் என்று விட்டுப்போகிற முள்செடி. அதற்குச் சர்வேசுரன் இவ்வளவு உணர்ச்சி கொடுத்திருக்கிறார். பிறகு என் தோலில் இருந்து மட்டும் ஏன் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்? "சர்வேசுரா, இந்தச் செடிக்கு இருக்கிற அளவு போதும்" என்று வாய்விட்டுக் கேட்டேன். நான் வருஷக்கணக்கில் செய்யாத ஜெபம் அது.

நான் சாமியார்கள் நடத்திய ஓர் அநாதை விடுதியில் வளர்ந்தவன். நாலாம் வகுப்போடு ஓடிவந்துவிட்டேன். அங்கே ஞான உபதேச வகுப்பில், சேசுநாதர் ஒரு குஷ்டரோகியைத் தொட்டுக் குணமாக்கிய கதையைச் சொன்னார்கள். "தொட்ட பிறகு கையைக் கழுவினாரா சாமி?" என்று கேட்டு உள்ளங்கையில் நாலு அடி வாங்கினேன். வம்புக்குக் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. மேஸ்திரி மணலைப் போட்டுக் கழுவியதைப் பார்த்த அன்று அந்தக் கேள்வி மறுபடி வந்தது.

என் சட்டையில் பித்தான் கிடையாது, ஓர் ஊக்குதான். அடையாற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அந்த ஊக்கைக் கழற்றினேன். சோதிக்கும் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெளுப்பில் குத்த வேண்டும். வலித்தால் அது இல்லை. வலிக்காவிட்டால் அதுதான். ஊக்கின் முனையை வெளுப்பின் மேல் வைத்தேன். முனை பட்டதா படவில்லையா என்றே எனக்குத் தெளிவாகவில்லை. அழுத்தவில்லை. கீழே சேற்றில் நண்டுகள் வளைக்குள் ஓடி ஓடி மறைந்தன. ஊக்கை மறுபடி சட்டையில் குத்திக்கொண்டு நடந்தேன். தெரியாமலிருப்பதில் இன்னும் கொஞ்ச நாள் மனுஷனாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

சாந்தோமுக்கு வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கோயில் கதவு திறந்திருந்தது. வாசலில் தீர்த்தத் தொட்டி. உள்ளே போகிறவர்கள் விரலை நனைத்துச் சிலுவை வரைந்துகொண்டு போனார்கள். குழந்தைகள் முழு உள்ளங்கையையும் முக்கினார்கள். என் கை பழக்கத்தில் தானாக நீண்டது. தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்திக்கொண்டேன். எல்லாரும் தொடுகிற தண்ணீர். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு திரும்பினேன்.

உள்ளிருந்து வந்த ஒரு அம்மாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் காலி மீன்கூடை இருந்தது.

"இன்னா நைனா, வாச வரிக்கும் வந்துட்டு தீர்த்தம் தொடாம போறே? மாட வீதி அய்யரா நீ? சும்மா வேடிக்கை பாக்க வந்தியா?"

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அந்த ராத்திரி நொச்சிக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டுமரத்தின் மறைவில் மணலில் படுத்தேன். பசியோடு தூங்கத் தெரிந்தவன்தான் நான். ஆனால் அன்று வலது கையை உடம்பில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டு படுத்தேன். இந்த வேடிக்கையை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

விடிந்தபோது கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிறுகளையும் கரையிலிருந்து இரண்டு வரிசை ஆட்கள் இழுக்கிற முறை. கயிற்றில் கை வைத்தவன் யாராக இருந்தாலும் ஒரு பங்கு மீன் உண்டு. அந்தக் கரையின் வழக்கம் அது. எனக்குத் தெரியும். தெரிந்தும் தூரத்தில் நின்றேன். ஒரே கயிற்றில் பதினைந்து பேரின் கை.

ஆட்கள் போதவில்லை. பாதிப் பேர் துறைமுகத்தில் பட்டாள வேலைக்குப் போய்விட்டார்களாம். கயிறு அவர்களை இழுத்துக்கொண்டு போனது. வரிசையின் கடைசியில் முந்தானையை வரிந்து கட்டி நின்றவள் முந்தின நாள் பார்த்த அம்மாளேதான். வரிசையின் முதலில், முழங்கால் தண்ணீரில் நின்ற நரைத்த ஆள் அவள் புருஷன். வலை அவருடையது.

"அய்யரே! நிக்கிறியே மரமாட்டம்! கை வெய்யி!"

"நான் தொடக் கூடாது அக்கா."

"மீன் கவுச்சி ஒட்டிக்குமா? வூட்ல தீட்டாயிடுமா?" வரிசை முழுக்கச் சிரித்தது. "தொடு நைனா, உங்க சாமியாண்ட நான் சொல்லிக்கிறேன்."

உண்மையைச் சொல்ல அது ஒரு நல்ல சந்தர்ப்பம். இரண்டு வார்த்தை போதும். அந்த இரண்டு வார்த்தையைவிட அய்யர் என்ற பட்டம் எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதற்குள் கயிறு வழுக்கி ஒருவன் விழுந்தான். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். ஈரக் கயிறு. எனக்கு முன்னால் அவள் கை. பின்னால், விழுந்து எழுந்து வந்தவன் கை. ஒவ்வோர் இழுப்புக்கும் இவர்களுக்கு நான் என்ன கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். ஆனாலும் விடவில்லை.

வலையின் பை கரைக்கு நெருங்கியதும் எல்லாரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம். அப்போது முன்னால் இருந்தவர்கள் கண்டபடி திட்ட ஆரம்பித்தார்கள். பை நிறையச் சொறி என்கிற ஜெல்லி மீன். கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல வழவழவென்று இருக்கும், கீழே நூல் நூலாகத் தொங்கும். அந்த நூல் பட்ட இடம் சுடும். அலை ஒன்று வந்து என் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டது. திரும்பும்போது ஒரு சொறியின் நூல்களை முன்கையில் சுற்றிவிட்டுப் போனது.

எரிந்தது. பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்த மாதிரி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எரிந்தது. நடுவில் இருந்த வெளுப்பும் எரிந்தது. அதன் மேல் சிவப்பாக ஒரு கோடு தடித்து எழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "தோத்திரம், தோத்திரம்" என்று கத்தியிருக்கிறேன். எனக்கு ஞாபகமில்லை, அவர்கள்தான் பிறகு சொன்னார்கள். விடுதியில் ஒப்பித்த நாட்களில் சர்வேசுரன் பேரைக் கேட்டால் பயம்தான் வந்தது. அன்று அந்த எரிச்சலில், ஒருவர் என் கையை அழுத்திப் பிடித்திருப்பது போல இருந்தது. கழுவினாரா என்று கேட்கத் தோன்றவில்லை. அடுத்த மூச்சிலேயே வேறொரு பயம் வந்தது. எரியாதவன் எங்கேயோ ஒருவன் இருப்பான், அவன் கையை யார் பிடிப்பார்? அதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

மீனைக் கரையில் கொட்டிய பிறகு எனக்கும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். அதை எடுக்க முடியவில்லை. வலைக்காரரிடம் போய்க் கையைக் காட்டிச் சொன்னேன், மேஸ்திரி சொன்னதையும் சேர்த்து.

அவர் ஒரு அடி பின்னால் போனார். சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. கயிற்றில் என் பின்னால் நின்றவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். அந்த அம்மாள் மட்டும் குனிந்து பார்த்தாள். தொடவில்லை.

"எரியிதா?"

"எரியிது அக்கா."

"அந்த வெள்ளையிலியா?"

"அதுலயும்தான்."

"எரிஞ்சா அது இல்ல" என்றாள் புருஷனிடம். "உப்புத் தண்ணில கெடக்கிற நம்ம ஆளுங்களுக்கு எத்தினி பேருக்குத் தேமல் கீது."

"நீ டாக்டரா?" என்றார் அவர். "மொதல்லியே சொல்லாம கவுத்த தொட்டுட்டான் பாரு." என் கையை மறுபடி பார்த்தார். போ என்று சொல்லியிருந்தால் எந்தத் திசையில் போயிருப்பேன் என்று தெரியவில்லை.

"மாதா மேல ஆணையா எரியிதா?"

"ஆணையா எரியிது."

"ஒரு மாசம் பாப்போம். பரவிச்சின்னா நீயே பூடணும். அது வரிக்கும் கவுறு தொடக் கூடாது. வலையில சொறி பொறுக்கு. எவனும் அதுக்கு வர மாட்டான். சோறும் மீனும் தர்றேன்."

அந்த அம்மாள் தன் கூடையிலிருந்து ஒரு சாக்குத் துண்டை எடுத்து என் பக்கம் போட்டாள், கையில் சுற்றிக்கொள்ள. இடது கையில் சுற்றிக்கொண்டேன். வலது கையை, எரிந்தால் எரியட்டும் என்று, முழங்கை வரை அப்படியே விட்டு, வலையின் பக்கத்தில் உட்கார்ந்து முதல் சொறியைப் பிடுங்கினேன்.