மாமனுக்குப் போட்ட ஜாமீன்

எனக்கு அப்போது எட்டு வயது. அன்னூருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமன், கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வைக்க ஆசைப்பட்டுக் கோயமுத்தூர் மண்டிக்காரர் ஒருவரிடம் தன் தோட்டத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார். அடமானம் போதாது, ஒரு ஜாமீனும் வேண்டும் என்றார் மண்டிக்காரர். அப்பா மச்சானுக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாமன் வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தார். அத்தோடு தன் வேலை முடிந்தது என்றே நினைத்திருந்தார்.

பருத்தி விலை சரிந்தது. மாமன் தவணை கட்டவில்லை. கோர்ட் நோட்டீஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது.

வக்கீலைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனார்கள்.

"வாங்கினது மச்சானுங்க. அவரை உட்டுப்போட்டு என்னையக் கேக்கறது என்ன நாயமுங்க?" என்றார் அப்பா.

"கடன் குடுத்தவருக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதானுங்க. யாரை வேணும்னாலும் முதல்ல பிடிக்கலாம்," என்றார் வக்கீல்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான் கேட்டாள்: "நாங்க கட்டிப்போட்டா எங்களுக்கு என்ன உரிமைங்க?"

வக்கீல் அப்போதுதான் அம்மா பக்கம் திரும்பினார். "முழுசும் கட்டினா கடன் குடுத்தவரோட இடத்துக்கு நீங்க வந்துருவீங்க. அடமானம் உங்களைச் சேரோணும். உங்க அண்ணன்கிட்ட நீங்க வசூல் பண்ணிக்கலாம். பத்திரம் கைக்கு வராமப் பணத்தை மட்டும் குடுத்துராதீங்க அம்மணி."

சவாரி வண்டியையும் காளைகளையும் விற்று, அந்த வருஷத்துப் பருத்தியையும் போட்டுக் கடனைக் கட்டினோம். மண்டியில் மாமனும் இருந்தார். "பத்திரத்தை மச்சான் கையிலயே குடுத்துரட்டுங்களா?" என்றார் மண்டிக்காரர். அப்பா சரி என்று சொல்ல வாயெடுத்தார்.

"அடமானத்தை எங்க பேருக்கு எழுதிக் குடுங்க," என்றாள் அம்மா.

"ஏன் அம்மணி, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று மாமன் கேட்டார்.

"பத்திரம் எங்கிட்ட இருக்கட்டுங்கண்ணா."

மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. கூடப் பிறந்தவனுடைய நிலத்தைப் பிடுங்கிக்கொண்டாள் என்று பங்காளி வீட்டில் பேசியது என் காதிலும் விழுந்தது. நான் அவளோடு பேசுவதை நிறுத்தினேன்.

ஒரு மத்தியானம் அம்மா களையெடுக்கப் போயிருந்தாள். பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்துப் பாவாடையில் செருகிக்கொண்டு, வெயிலில், வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி வழியாக மாமன் ஊருக்கு நடந்தேன். நடந்த தப்பை நானே சரிசெய்யப் போகிறேன் என்று எனக்குள் அவ்வளவு பெருமை.

மாமன் வாசலில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எஞ்சின் கொட்டகையையும் கிணற்றையும் காட்டி ஏதோ பேசினார்கள். மாமன் தூணோடு தூணாக நின்றார். நான் அவரைப் பின்கட்டுக்கு இழுத்துப் போய்ப் பத்திரத்தை நீட்டினேன்.

"இந்தாங்க மாமா. உங்க தோட்டம்."

அவர் பிரித்துப் பார்த்தார். வாசலையும் ஒருமுறை பார்த்தார். சட்டென்று மடித்து இடுப்பில் செருகி, என் கையைப் பிடித்துக் கொல்லை வழியாகக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கே நடந்தார்.

அம்மா கையில் பத்திரத்தைக் கொடுத்தார். "இதைப் பூட்டி வெய்யி அம்மணி. நாந்தான் தெரியாமப் பேசிப்போட்டேன்."

அம்மா இலை போட்டாள். மாமன் சாப்பிட்டார்.

வாசலில் இருந்த நாலு பேரும் மாமனுக்குக் கடன் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு புரோநோட்டோடு வசூலுக்கு வந்தவர்கள் என்பது எனக்குத் தெரியாது. அடமானம் தீர்ந்த நிலமாக இருந்திருந்தால் அவர்கள் அதை ஏலத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்பதும், தங்கையின் அடமானம் முன்னால் நின்றதால்தான் தயங்கினார்கள் என்பதும் தெரியாது. அவ்வளவு தூரம் நடந்துபோய்க் கொடுத்ததை மாமன் வேண்டாமென்று சொல்லிவிட்டாரே என்று, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன்.