தலையாட்டாத கொம்பன்

அட்டன் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர் பொடி டப்பியைத் திறந்தார். புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த அந்த நெடி ஜன்னல் காற்றில் ஏறிப் பின்னால் வந்து என் மூக்கைத் தொட்டதுதான் தாமதம், தும்மினேன். தும்மி முடித்தபோது எனக்கு ஒன்பது வயது. மேல்மலைப் பீலியடியில் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன்.

பொடி பெரியப்பாவுடையது. திருடியது அத்தை மகன். தும்மவேண்டியது ஓணான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை பெரட்டு கிடையாது, விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்கவேண்டாம். பெரியவர்கள் தலைக்குக் குளிப்பார்கள், பையன்கள் ஓணான் பிடிப்பார்கள். அதை விளையாட்டு என்று யாரும் சொன்னதில்லை, கடமை என்றுதான் சொன்னார்கள். தாகத்தில் தவித்த ராமருக்கு அணில் இளநீர் கொடுத்ததாம். ஓணான் மூத்திரத்தைக் கொடுத்துவிட்டுத் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்ததாம். திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கடல் கடந்து வந்த எங்கள் ஆட்கள், சட்டி பானையோடு அந்தப் பகையையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இந்தக் குளிரில் இறக்கியிருந்தார்கள். மானாப் புல்லின் நுனியில் ஒரு நூல் சுருக்கு. கழுத்தில் மாட்டி இழுத்து, வாயைப் பிளந்து பொடியைத் திணித்தால், அது சாமி வந்ததுபோல் சுற்றும். பையன்கள் கை தட்டுவார்கள். அப்புறம் கல்.

பீலி என்பது, மலை ஊற்று மூங்கிலில் வழிந்து கொட்டும் எங்கள் தண்ணீர்த் துறை. அதற்கு மேலே பாசி போர்த்திய ஒரு மரம். வாளி நிறையும் நேரமெல்லாம் நான் அந்த மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், ஏனென்றால் அதில் ஒருவன் இருந்தான். பாசியின் நிறம். மூக்கின் நுனியில், முளைவிட்ட நெல்லைப்போல, ஒரு வெள்ளைக் கொம்பு. ஒரு காலைத் தூக்குவான், யோசிப்பான், வைக்காமலே இருந்துவிடுவான். கிட்டப் போனால் வாயைத் திறந்து உள்ளே இருக்கும் செந்தணலைக் காட்டுவான், அவ்வளவுதான் அவன் கோபம். ஊர் முழுக்க ஓடுகிறது, பறிக்கிறது, நிறுக்கிறது. இவன் மட்டும் அசையாமல் இருக்கிறானே என்று எனக்கு ஆச்சரியம். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாளியோடு போனபோது அவன் புல்நுனியில் தொங்கிக்கொண்டிருந்தான். சுருக்கின் மறுமுனை அத்தை மகன் கையில். இன்னொரு கையில் ஒரு சிட்டிகை பொடி. சுற்றிலும் அவன் படை.

"மச்சான், விடு! அது ஓணான் இல்ல!"

"பின்ன என்னா, ஒன் மாமனாரா?" என்றான் படையில் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

"மூக்கப் பாருங்கடா. கொம்பு இருக்கு. ஓணானுக்கு ஏது கொம்பு?"

அத்தை மகன் அதன் முகத்தைத் திருப்பிப் பார்த்தான். "ராமருக்கு மூத்திரம் குடுத்துச்சுல்ல, அந்தப் பாவத்துக்கு மொளச்சிருக்கும்" என்றான். அவனுக்கு எதற்கும் பதில் உண்டு.

கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்த சித்தி நிமிர்ந்தாள். "ஏண்டி, கட்டிக்கப்போறவன்கிட்ட இப்பவே வழக்காடுறியா?"

லயத்து வரிசையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பராக்காரம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இந்தாடா, அந்தக் கொம்பு பிள்ளையாரு தந்தம் மாதிரில்ல இருக்கு. சாமி குத்தமாகிறப் போவுது."

"பிள்ளையாரு மரமேறுவாராக்கும்?" என்றான் அவன். ஆனாலும் பொடி பிடித்த விரல்கள் கொஞ்சம் தயங்கின. அந்தத் தயக்கத்துக்குள் நான் புகுந்தேன்.

"ஓணான்னா தலையாட்டும்ல? மரத்துல வச்சுப் பாரு. ஆட்டுச்சுன்னா பொடி போடு. ஆட்டலைன்னா விட்டுறணும்."

"ஆட்டுச்சுன்னா ஒனக்கு என்னா தண்டன?"

"அந்தப் பொடிய என் மூக்குல போடு!"

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டேன். அந்தக் கொம்பன் தலையாட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் நான் பார்த்ததெல்லாம் ஒரு வாளி நிறையும் நேரம்தானே? மிச்ச நேரமெல்லாம் அவன் என்ன செய்தானோ, யார் கண்டது?

கழுத்தில் சுருக்கோடே அவனை மரத்தில் வைத்தார்கள். "யாரும் கிட்ட வராதீங்கடா, பயந்துக்கும்" என்று படையை விலக்கிவிட்டு, அத்தை மகன் மட்டும் முகத்தோடு முகமாக நின்றான். நீதிபதி அவனே, கொலையாளியும் அவனே. துவைக்கும் சத்தம் நின்றது. என் வாளி நிறைந்து வழிந்தது, யாரும் நகர்த்தவில்லை. மேலேயிருந்து பனி இறங்கியது; முதலில் தேயிலை மறைந்தது, பிறகு மரத்தின் உச்சி, பிறகு அத்தை மகனின் முதுகு மட்டும் ஒரு கறுப்புத் திட்டு. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆட்டாதே, ஆட்டாதே, ஆட்டாதே.

பனி விலகியது. அவன் திரும்பினான்.

"ஆட்டல."

சுருக்கைக் கழற்றினான். கொம்பன் ஒரு காலைத் தூக்கி, யோசித்து, அன்றைக்கென்று ஒரு முடிவுக்கு வந்து, பாசிக்குள் ஏறிப்போனான். சித்தி குலவையிட்டாள். பையன்கள் ஊளையிட்டார்கள். நான் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்து வாசல்கள் வழியே நடந்த நடை இருக்கிறதே, துரை பங்களா மாடிப்படியில் இறங்கும் துரைசாணிக்குக்கூட அந்த நடை வாய்த்திருக்காது. தண்ணீர் சிந்தியதற்கு அம்மா திட்டினாள். திட்டட்டும்!

அன்று மாலையே அத்தை மகன் சட்டம் போட்டான்: கொம்பு உள்ளதைத் தொடக்கூடாது. அங்கேதான் என் வெற்றி கிளை விட்டது. பெட்டைக்குக் கொம்பு இருப்பதே தெரியாது, அத்தனை சின்னது. ஆகவே மாட்டியதையெல்லாம் முகத்தருகே பிடித்து ஆராயவேண்டி வந்தது. "இருக்குடா." "அது மச்சம்டா." "இல்லடா, கொம்புதான்." வழக்கு நடக்கும்போதே பிடி தளரும், கொம்பு உள்ளதும் இல்லாததும் தேயிலைக்குள் ஓடி மறையும். பெரியப்பாவின் டப்பியில் பொடி குறைவது நின்றுபோனது. ஏன் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

இந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் கொம்பன் கிடையாது என்று பின்னாளில் ஒரு புத்தகத்தில் படித்தேன். எங்களுக்கு ஊர் எது, நாடு இலங்கையா இந்தியாவா என்று மேலே உள்ளவர்கள் பேசி முடிக்காத காலம் அது. தோட்டத்தில் சந்தேகமில்லாத குடிமகன் அவன் ஒருவன்தான். ஓணான் தலையாட்டுவது சிரிப்பல்ல, இது என் இடம் என்று சொல்வது என்றும் அதே புத்தகத்தில் இருந்தது. இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஜெயித்தது தெரியும். அது போதுமாயிருந்தது.

மழை முடிந்து மாமாவுக்கு, அதாவது அத்தை மகனின் அப்பாவுக்கு, வட்டவளைப் பக்கம் வேலை மாறியது. லொறியில் பெட்டி, பாய், கோழிக்கூடு. கோழிக்கூட்டின் மேல் அத்தை மகன். நான் ஓடிப்போய் லொறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, அங்கேயும் கொம்பு பார்க்காமல் எதையும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டேன். அவன் குனிந்து என் காதோடு ஒன்று சொன்னான். என் வெற்றியைப் பொறுக்காமல் சொன்ன பொய் அது என்று முடிவு கட்டி, தீபாவளிவரை அவன்மேல் கோபமாக இருந்தேன். அந்தப் பனிக்குள் அவன் எனக்கும் கொம்பனுக்கும் என்ன கொடுத்தான் என்று புரிகிற வயது அதுவல்ல. லொறி உறுமியது. அவன் சொன்னது இவ்வளவுதான்:

"அன்னிக்குப் பனி மூடுனப்ப அது ஒரு தடவ ஆட்டுச்சு, புள்ள. யாருகிட்டயும் சொல்லிறாத."