மணல்மேட்டில் நிற்க ஓர் ஆள்

ராஜஸ்தான் மணல்மேடுகளை ஜீப்பில் கடக்கும் பயணத்துக்குப் பெயர் கொடுத்தபோது, அமைப்பாளர் ஒரு நிபந்தனையைத்தான் அழுத்திச் சொன்னார். வண்டிக்கு இரண்டு பேர் கட்டாயம். ஒருவர் ஓட்ட வேண்டும்; மற்றவர் இறங்கி மேட்டின் உச்சிவரை நடந்து, மறுபுறம் பார்த்துக் கை காட்ட வேண்டும். ஏறும்போது ஓட்டுகிறவருக்கு வானம் மட்டும்தான் தெரியுமாம். தனியாக வருகிற வண்டியை மணலில் இறக்க விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டாவது ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஐம்பதை ஒட்டிய வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. போடியில் வீடு, மலைமேல் சிறிய ஏலக்காய்த் தோட்டம், இரண்டுக்கும் நடுவே நானே ஓட்டும் ஜீப். அது மலையைத் தவிர எதையும் பார்த்ததில்லை. நானும் அப்படித்தான்.

மண்வெட்டி, இழுவைக் கயிறு, தண்ணீர் கேன்கள், காற்றடிக்கும் பம்பு என ஒவ்வொன்றுக்கும் வண்டியின் பின்னால் ஓர் இடம் ஒதுக்கிக் கட்டிவைத்தேன். இடது இருக்கைக்குத்தான் ஆள் அமையவில்லை. சித்தி மகள் முழங்கால் வலி என்றாள். கல்லூரித் தோழி சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனாள். மெக்கானிக்கிடம்கூடக் கேட்டேன்.

"அங்கன என்னக்கா, ஏலக்காயா காய்க்குது? யாரு உங்கள இப்படிக் கெளப்பிவிட்டாக?" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வண்டிக்கடியில் படுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை தனியாகவே பழகிப் பார்க்கப் போனேன். வருசநாட்டுப் பக்கம் வைகை காய்ந்து வெறும் மணலாகக் கிடந்தது. படித்திருந்தபடி டயர்களில் காற்றைக் குறைத்தேன். ஃபோர் வீல் கியரைப் போட்டு இறக்கினேன். கொஞ்ச தூரத்திலேயே பின்சக்கரங்கள் சுழன்று, அச்சுவரை புதைந்தன.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் இறங்கி வந்து, வண்டியின் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா மூட்டை?"

"மணல்."

காலி ஜீப் ஏற்றத்தில் வழுக்கும் என்று பின்னால் மணல் மூட்டை போட்டு ஓட்டுவது எங்கள் மலைப் பழக்கம். யோசிக்காமல் இங்கேயும் ஏற்றி வந்திருந்தேன்.

"ஆத்தாடி! ஊரே இங்கனருந்து மணலத் திருடிட்டுப் போகுது. நீங்க கொண்டாந்து கொட்டுறீகளே!"

இருவரும் சிரித்தோம். மூட்டைகளை இறக்க அவளும் கைகொடுத்தாள். சக்கரங்களைச் சுற்றித் தோண்டி முடித்ததும், அவள் மேட்டில் ஏறி நின்று, கெட்டியான தரை இருக்கும் பக்கம் ஆடு ஓட்டும் கம்பை நீட்டிக் காட்டினாள். கம்பைப் பார்த்தே ஓட்டினேன். ஜீப் மேலே வந்துவிட்டது.

"எங்கூட ராஜஸ்தான் வாறியா?" என்றேன், விளையாட்டாகக் கேட்பதுபோல.

"ஆட்டை யாருக்கா பாக்குறது?" என்றவள், கொஞ்சம் தயங்கி, "உங்களுக்கு வீட்ல ஆளுக யாரும் இல்லையா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அவள் ஆடுகளின் பின்னால் நடந்தாள்.

ஞாயிறு காலை அமைப்பாளரை அழைத்து, ஆள் கிடைக்கவில்லை என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, புனேயிலிருந்து ஒரு பெண்மணியும் தனியாக வருவதாகச் சொன்னார். அவர் வண்டிக்கும் இரண்டாவது ஆள் இல்லை. நான் அவருடன் போகலாம். ஆனால் என் ஜீப் வர முடியாது.

ஜன்னல் வழியே ஜீப்பைப் பார்த்துக்கொண்டே சரி என்றேன்.

மறுநாள் மெக்கானிக்கிடம், டயர்களில் பழையபடி காற்றை ஏற்றச் சொன்னேன்.

"பாலைவனம் கேன்சலாக்கா?"

"ஜீப்புக்கு மட்டும்."

வீட்டுக்கு வந்து, கட்டிவைத்திருந்ததையெல்லாம் இறக்கினேன். இடது இருக்கையில் எப்போதும்போல உர மூட்டை ஏறிக்கொண்டது. பயணப் பையில் ஒரு சிவப்புத் துண்டை மடித்து மேலாக வைத்தேன். உச்சியில் நிற்பவர் கையில் அது இருந்தால், கீழே ஓட்டுகிறவருக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.