தேத்தண்ணி முடியுமட்டும்

புதுக்குடியிருப்பு கராஜ் ஒன்றில் நிற்கிறேன். எங்கள் பழைய ஜீப் வழி நெடுக நின்று நின்று வந்ததால், மெக்கானிக் நஸீர் அதன் பெற்றோல் பம்பைக் கழற்றிப் புதிது பூட்டியிருக்கிறார். ஜீப்பின் பின்தட்டில், நாயாற்றில் தங்கை கட்டிய வீட்டின் வாசல் கதவு கிடக்கிறது. நாளை அங்கே குடிபூரல், கதவில்லாமல் எப்படிப் புதுவீடு புகுவது?

என்ஜின் பிடித்ததும் ஏறப் போகிறேன். நஸீர் தேநீரை நீட்டுகிறார்.

"இருங்கோ. இது குடிச்சு முடியுமட்டும் ஸ்டார்ட்டில இருக்கட்டும். நிண்டுபோறதெண்டால் இஞ்சயே நிக்கட்டும், போற வழியில காட்டுக்குள்ள வேண்டாம்."

"ஒரே மிடறில குடிச்சிடுவன்."

"அதுக்குத்தான் இவ்வளவு சூடாப் போட்டனான்."

ஊதி ஊதிக் குடிக்கிறேன். காது முழுக்க என்ஜினில். கோப்பை காலியாகிறது, ஜீப் இன்னும் சீராக உறுமுகிறது. நஸீர் பின்னால் போய், கதவைக் கட்டிய கயிற்றை இறுக்குகிறார்.