பிளாஸ்டிக் கிளிப்பும் ஒற்றைப் படிக்கட்டும்

ராணுவச் சோதனைச் சாவடியில் என் பையைத் தலைகீழாகக் கொட்டினார்கள், இரும்புக் கிளிப்புகள் ரோட்டில் சிதறி ஓடின. வயரிங் தொழிலில் கரண்ட் அடிக்கும் முன்னமே வேறு எத்தனையோ அடிக்கும் என்று இந்த வேலை பார்த்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பத்துச் சொல் சிங்களம்

ஓட்டமாவடியில் வாங்கி பஸ்ஸில் டவுனுக்குக் கொண்டுவந்த கிளிப்புகள் அவை. டியூஷன் வகுப்பு நடக்கும் மாடி டியூட்டரி ஒன்றுக்கு வயர் இழுக்கிறோம், ஆட்கள் வெளியே ஓடுகிற பாதையில் வயரைச் சுவரோடு பிடித்துவைக்க இரும்புதான் வேணும், பிளாஸ்டிக் சூட்டில் உருகும். இதைத்தான் ஆமிக்காரனுக்குச் சொல்லப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பத்துச் சிங்களச் சொல்லில் ‘உருகும்’ இல்லை. அவன் கிளிப்புகளைச் சப்பாத்தால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, தம்பி என்பதற்கு ‘மல்லி’ போட்டு அரைகுறைத் தமிழில் சொன்னான்.

“பிளாஸ்டிக் வாங்கு மல்லி, பாரம் இல்ல.”

குவைத்தில் நடந்தது

என்னை வேலைக்கு வைத்திருந்தவர் ரஹீம் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். ஓ.எல். பரீட்சையில் பெயிலாகி வந்த எனக்கு வேலை தந்தவர், அதனால் அவர் கதைகளையும் கேட்கத்தான் வேணும். குவைத்தில் அவர் இருந்த லேபர் குவாட்டர்ஸ் ஒருநாள் பிடித்து எரிந்ததாம். நடைபாதைக்கு நெருப்பு வரவில்லை, புகையும் சூடும்தான் வந்தது. அதற்கே பிளாஸ்டிக் கிளிப் எல்லாம் இளகி, முகட்டு வயர் முழுக்கக் கீழே தொங்கியது. ஓடி வந்தவர்கள் அதற்குள் மாட்டினார்கள்.

“நெருப்பு எரிச்சது ரெண்டு பேரை மனே, மத்த ஆக்களை வயர்தான் பிடிச்சுக் குடுத்தது.”

மாஸ்டரின் வடிவு

கிளிப் போனதால் வயரை முதலில் பிளாஸ்டிக்கில் அடித்தோம். மறுகா பால்மா டின்களை வெட்டிப் பட்டி எடுத்து, அதன்மேல் அடிக்கச் சொன்னார் நானா. டியூட்டரிக்காரர் கணக்கு மாஸ்டர். தகரத்தைக் கண்டதும், சுவரின் வடிவு, அதுதான் அழகு, கெட்டுப்போகும் என்று அவருக்கு முகம் கறுத்தது. அந்த மாடிக்கு ஒரே படிக்கட்டு, என் தங்கச்சி வசந்தியும் மேலேதான் படிக்கிறாள் என்றேன். அரை மனதோடு சம்மதித்தார். ஆனால் நான் அடிக்கிற ஒவ்வொரு ஆணிக்கும் பக்கத்திலேயே நின்றார்.

“நெருப்பு வந்தா பிள்ளையள் படியைப் பாக்குமா, உன்ட வயரைப் பாக்குமா?”

வசந்தி சொன்னது

கரண்ட் இல்லாத ஒரு பின்னேரம், படிக்குக் கீழே வைத்து ஓட்டிய ஜெனரேட்டரில் மண்ணெண்ணெய் பற்றியது. நெருப்பைக் கால் மணித்தியாலத்தில் மண் போட்டு அணைத்துவிட்டார்கள். ஆனால் படிக்கட்டு ஒரு புகைக்கூடு மாதிரி ஆகி, அதன் முகட்டில் அடித்த கிளிப் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இறங்கி வந்த வசந்தியின் கழுத்தில் வயர் விழுந்தது. அவள் விழுந்தாள், பின்னால் வந்தவர்கள் அவள்மேல் ஏறி ஓடினார்கள். அவளுடைய வலது முழங்கால் இனி மடியாதாம். ஆஸ்பத்திரியில் அவள் சொன்னாள்.

“ஆரோ பிடிச்சுக்கொண்டு போக வந்திட்டாங்க எண்டு நினைச்சுத் திமிறினன் அண்ணா, திமிறத் திமிற அது இறுகிச்சு.”

‘படியில இருந்து தொடங்கு, மறுகா மேல போ’ என்றுதான் நானா சொன்னார்; மாஸ்டர் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று நான் மேலே வகுப்பில் தொடங்கி, ஆமி வவுணதீவுப் பாலத்தை மூடமுன் படிக்குப் பட்டி அடிக்காமலே வீட்டுக்குப் போய், அடுத்த நாள் வேறு வேலைக்குப் போனேன்.