பரீட்சை முடியட்டும் என்றார் அக்கா

அக்காவின் முதலாண்டு நினைவுக்கு வந்திருந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். திதி வந்தது ஒரு வேலை நாளில். உங்களை அழைத்திருப்பதோ ஞாயிற்றுக்கிழமையில். ஏன் இப்படி என்று உங்களில் சிலர் மாமாவிடம் வருத்தப்பட்டுக் கேட்டதாக அறிந்தேன். அக்காவின் கணவராகிய எங்கள் மாமா அதிகம் பேசாதவர். அதனால் அந்தப் பதிலையும் சேர்த்து நானே எழுத உட்கார்ந்தேன். நான் புதுச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விற்பவள். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா இரும்பையில் பிறந்தார். அப்பா கூலி விவசாயி. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விடுவார். கைக்குழந்தையான என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அக்காவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒருநாளும் குறைபட்டுக்கொண்டதில்லை. ஆனால் பள்ளிக்கூட மணிச் சத்தம் கேட்டால் அவர் கைவேலை அப்படியே நின்றுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மரக்காணத்தில் உப்பளத் தொழில் செய்யும் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். பிறகு அவரே பேசி முடித்து மாமாவின் தம்பிக்கு என்னைக் கட்டிவைத்தார். ஒரே வாசல், ஒரே அடுப்பு. அக்காவுக்கு மோனிஷா, தினேஷ் என்று இரண்டு பிள்ளைகள். எனக்கு ஹரி ஒருவன். என் கணவர் சென்னையில் கார் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால்தான் வருவார்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் தை பிறந்தால் உப்பளமும் பரீட்சையும் சேர்ந்தே பிறக்கும். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரியாக வேண்டும் என்பதால் அக்காவும் மாமாவும் விடிவதற்கு முன்பே அளத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். பிள்ளைகளை எழுப்ப, குளிப்பாட்ட, பள்ளிக்கு அனுப்பப் பெரியவர்கள் யாரும் வீட்டில் இருக்க மாட்டோம். மூன்று பிள்ளைகளும் ஆளில்லாத வீட்டிலிருந்து சுத்தமாகத் தலை சீவி, டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போனார்கள் என்றால் அது முழுக்க அக்காவின் ஏற்பாடு.

அக்கா காலையை நம்பவே மாட்டார். எல்லாம் முந்தைய சாயங்காலமே முடிந்தாக வேண்டும். பிள்ளைகள் வந்ததும் டிபன் பாக்ஸ் கழுவி, சாக்ஸ் துவைத்து, யூனிஃபார்ம் இஸ்திரி போட்டு, பையை அடுக்கிக் காட்டினால்தான் டிவி. அடையாள அட்டைகள் ஜன்னல் கம்பியில் தொங்கும். "இன்னிக்குத் தண்ணி கட்டினாத்தான் நாளைக்கு உப்பு. காலையில எழுந்து தண்ணியும் கட்டி உப்பும் வாருவேன்னா எவன் விடுவான்?" என்பார். சார்ட் பேப்பர் வேண்டும் என்று தினேஷ் படுக்கப் போகும் நேரத்தில் சொல்லிவிட்டால் போதும். அன்று அவன் வாங்கும் அர்ச்சனை தெருமுனை வரை கேட்கும். அதன் பிறகு கடைக்காரரின் வீட்டுக்கதவைத் தட்டி அந்தப் பேப்பரை வாங்கிவருபவரும் அக்காவேதான்.

அளத்தில் கையெல்லாம் உப்புத் தண்ணீராக இருக்கும், போனைப் பிடித்துப் பேச முடியாது. அதனால் சேலை முந்தானையில் விரலைத் துடைத்து ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடுப்பார். மோனிஷா திரும்ப ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் எழுந்துவிட்டாள், உலை வைத்துவிட்டாள் என்று அர்த்தம். கொடுக்கத் தாமதமானால் அக்காவுக்கு உப்பு வாரும் பலகை ஓடாது. "சிலிண்டர் வெடிச்சிருக்குமோ, பசங்களுக்கு இன்னா ஆச்சோ" என்று பாத்தி வரப்பில் நின்று புலம்புவாராம். மாமா, "நீ வாருறது உப்பா, பயத்தயா?" என்று கிண்டல் செய்வார். நாங்களும் சிரித்திருக்கிறோம். அந்தப் பயத்தில்தான் எங்கள் மூன்று பிள்ளைகளும் வளர்ந்தார்கள் என்று இப்போது தெரிகிறது.

மழைக்காலத்தில் அளம் மூடியிருக்கும், அக்கா வீட்டில் இருப்பார். ஆனால் பயம் இரண்டு மடங்காகும். காரணம், மோனிஷா படித்தது காலாப்பட்டுப் பக்கம், புதுச்சேரி எல்லைக்குள். பையன்கள் இருவரும் மரக்காணத்தில். மழை லீவு விழுப்புரம் மாவட்டத்துக்குத் தனி, புதுச்சேரிக்குத் தனி. ஒருநாள் டிவியில் விழுப்புரம் மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று ஓடியது. மூன்று பிள்ளைகளும் சந்தோஷமாக இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அன்று மோனிஷாவுக்கு அரையாண்டுப் பரீட்சை. அவள் பள்ளிக்கு லீவு இல்லை என்பது கூடப் படிக்கும் பெண் போன் செய்தபோதுதான் தெரிந்தது. பஸ் போய்விட்டிருந்தது. அக்கா கொட்டும் மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஓடி, குறுக்கே நின்றே ஒரு மீன் வண்டியை மறித்தார். பக்கத்து ஊரான அனுமந்தையைச் சேர்ந்த தம்பி ஒருவர் ஓட்டிவந்த வண்டி அது. மோனிஷா மீன் வாசனையோடு போய்ப் பரீட்சை எழுதினாள். அவள் எழுதி முடிக்கும் வரை, கூடவே போன அக்கா பள்ளி கேட்டிலேயே நனைந்துகொண்டு நின்றார்.

மறுநாளிலிருந்து மழை பெய்தால் அந்தப் பள்ளியின் வாட்ச்மேனுக்கு விடியலிலேயே போன் போய்விடும். "அண்ணா, உங்க ஊர்ல லீவு உட்டாங்களா?" என்பார். "இன்னும் நானே எழுந்துக்கலம்மா" என்று அந்த மனிதர் சிரிப்பார். ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

இனிச் சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது என்று பல நாள் யோசித்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு மோனிஷா பன்னிரண்டாம் வகுப்பு. மாசி மாதம் அக்காவுக்கு இடது தோளில் வலி வந்தது. முழங்கை வரை இறங்குகிறது என்றார். உப்பளத்தில் தோள் வலிக்காதவர் யார்? பலகையை இழுத்து இழுத்து, சீசன் முழுக்க ஊரே தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும். அதனால் அவர் சொன்னது யார் காதிலும் வலியாக விழவில்லை, வேலையாகத்தான் விழுந்தது. அவரும் அப்படியே நினைத்தார். சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மா ஒருவர் மட்டும், "ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்துடும்மா, சும்மா இருக்காத" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு அக்கா சொன்ன பதிலை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டுங்க."

மோனிஷாவின் பரீட்சை முடிந்தது. "அக்கா, நாளைக்கு லீவு போடறேன், போயிட்டு வந்துடலாம்" என்றேன். "பசங்களுக்கு வருஷப் பரீட்சை வருதுடி. நான் ஆஸ்பத்திரில படுத்துட்டா தினேஷ் புக்கையே தொறக்க மாட்டான். அதுவும் முடிஞ்சிடட்டும்" என்றார். வீட்டில் இருந்த எல்லோருடைய பையையும் அடுக்கி வைத்த மனுஷி தன் உடம்புக்கு மட்டும் ஒரு நாளை ஒதுக்கி வைக்கவில்லை. சில நாட்கள் கழித்து ஒரு விடியற்காலையில், பாத்தி வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாமா உப்பு லாரியில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வழியிலேயே முடிந்துவிட்டது. அன்று காலையும் மிஸ்டு கால் வந்தது, தானும் திரும்பக் கொடுத்தேன் என்று மோனிஷா இன்றும் சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

அதன் பிறகு எங்கள் வீடு நடந்த விதத்தை மறைக்க விரும்பவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஹரி ஒரு காலில் தினேஷின் சாக்ஸோடு போனான். மாமா சோற்றைக் குழைய விட்டார். நான் கடையில் நின்றுகொண்டு போனையே பார்த்தேன். வாடிக்கையாளர் பச்சை கேட்டால் நீலத்தை எடுத்துப் போட்டேன். மோனிஷா புதுச்சேரியில் கல்லூரி சேர்ந்து, காலையில் எங்கள் எல்லோரையும் கிளப்பிவிட்டுத் தானும் கிளம்பினாள். மழைக்காலத்தில் வாட்ச்மேன் அண்ணனே ஒருநாள் போன் செய்தார். "அந்த அம்மா போன் வராம மழை வந்த மாதிரியே இல்ல" என்றார். அவருக்குச் செய்தி தெரிந்திருக்கவில்லை. நான்தான் சொன்னேன்.

இப்போது திதி விஷயம். திதி தேதியோடு வராது, சற்று முன்னே நகர்ந்து வரும். தலைத்திதி என்று சொல்லும் அந்த முதல் திதி இந்த ஆண்டு தினேஷின் பத்தாம் வகுப்புப் பரீட்சை நாளிலேயே வந்து விழுந்தது. மாமாவின் பெரியப்பாதான் எங்கள் குடும்பத்தில் மூத்தவர். "பெத்த புள்ள தலைத்திதி குடுக்காம பரீட்ச எழுதப் போறானா? அடுத்த வருஷம் பரீட்ச வரும். தலைத்திதி வருமா?" என்று கேட்டார். அவர் கேட்டது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. தினேஷ் இரண்டு நாள் புத்தகத்தையும் தொடவில்லை, சோற்றையும் தொடவில்லை. எனக்கோ ஒரே திகில். தாயைக் கொடுத்து மோனிஷா பரீட்சை எழுதினாள், இவன் எதைக் கொடுப்பான் என்று மனம் கண்டபடி ஓடியது.

மோனிஷாதான் ஐயரிடம் போய்ப் பேசினாள். "சூரியன் கிளம்பினதும் ஆரம்பிச்சிடலாம்மா. எம் பொண்ணும் டென்த்துதான், அவளயும் நான்தான் கொண்டுபோயி உடணும்" என்றார் அவர். முந்தைய சாயங்காலமே எள், தர்ப்பை, வாழைக்காய், அரிசி எல்லாம் எடுத்து வைத்தோம். விடிந்ததும் தினேஷ் தலைக்குக் குளித்து உட்கார்ந்தான். குறையில்லாமல் நடந்தது. பிண்டம் வைத்து, இலையில் சோறு போட்டுக் காக்கையைக் கூப்பிட்டோம்.

காக்கை வரவில்லை.

காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் வாயில் வைக்க முடியாது. தினேஷ் வெறும் வயிற்றோடு மாடிப்படியில் நின்று "கா, கா" என்று கத்தினான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மற்ற நாளில் முருங்கை மரம் முழுக்க உட்கார்ந்து கத்தும் அத்தனை காக்கையும் அன்று எங்கே போயிற்றோ! நான் கடிகாரத்தைப் பார்ப்பதும் கூரையைப் பார்ப்பதுமாக இருந்தேன். அக்காவுக்கு எங்கள்மேல் ஏதோ மனக்குறை என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. தினேஷும் அதையே நினைத்தான் போல, கூப்பிடுவதையே நிறுத்திவிட்டான். அப்போது பெரியப்பா எழுந்து வந்தார்.

"டேய், எறங்கி வா. உங்கம்மா இருந்திருந்தா காக்காவுக்கா மொதல்ல போட்டிருப்பா? உனக்குத்தாண்டா போட்டிருப்பா. சாப்ட்டுக் கெளம்பு" என்றார்.

அவரே இலை போட்டு, அவரே பரிமாறினார். தினேஷ் அழுதுகொண்டே சாப்பிட்டான். மாமா பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். நாங்கள் அத்தனை பேரும் சாலை வரை போய் வழியனுப்பினோம். காக்கை பிறகு வந்ததா என்று கேட்காதீர்கள், பார்க்க யாரும் நிற்கவில்லை. நேரத்தோடு ஹாலுக்குள் போய்விட்டான் என்று மாமா போன் செய்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஊரார் அத்தனை பேரையும் அந்த அவசரத்தில் அழைக்க முடியாமல் போனதால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு. பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

அன்று வீடு கழுவும்போது நான் வாளியைத் தூக்கிவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டதை மோனிஷா பார்த்துவிட்டாள். சில வாரங்களாகவே வலிக்கிறது. புடவைக் கட்டு தூக்குகிறவளுக்குத் தோள் வலிக்காதா என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

"எந்தப் பக்கம் சித்தி?"

"இடது பக்கம். ஒண்ணும் இல்ல, கட்டு தூக்கறதுதான்."

"அம்மாவும் தோள்தான்னு சொன்னாங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம்."

"போலாம்டி. தினேஷுக்கு இன்னும் இருக்குது, ஹரிக்கும் வருஷப்..." என்று ஆரம்பித்தேன். துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு அவள் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாளே இழுத்துக்கொண்டு போனாள். ஈசிஜி பார்த்த டாக்டர் மாத்திரை கொடுத்து, பெரிய டாக்டர் ஒருமுறை பார்க்கட்டும் என்று இந்த ஞாயிற்றுக்கு மறுநாள் வரச் சொல்லியிருக்கிறார்.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். அக்காவை அன்று தன் லாரியில் ஏற்றிக்கொண்டு பறந்த ஓட்டுநருக்கும், அளத்து வேலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்த உடன் தொழிலாளர்களுக்கும், மீன் வண்டி ஓட்டிய அனுமந்தைத் தம்பிக்கும், வாட்ச்மேன் அண்ணனுக்கும், பள்ளி ஆசிரியர்களுக்கும், விடியலில் வந்த ஐயருக்கும், தினேஷுக்குத் தன் கையால் சோறு போட்ட பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஈசிஜி எடுக்கச் சொன்ன நர்ஸ் அம்மா, நீங்கள் சொன்ன வார்த்தையை நாங்கள் கேட்கவில்லை. உங்கள் காலில் விழுந்து நன்றி சொல்கிறேன்.

உப்பளத்துக்கும் வயலுக்கும் கடைக்கும் போய்க்கொண்டே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெண்கள் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கும் எங்கேயாவது வலிக்கலாம், உங்கள் வீட்டிலும் யாருக்காவது பரீட்சை இருக்கலாம். நாளை, திங்கட்கிழமை, ஹரிக்குக் கணக்குப் பரீட்சை. அவன் தானே எழுந்து தானே கிளம்பிக்கொள்வான், எதையாவது மறந்துவிட்டும் போவான். எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. முதல் பஸ்ஸில் நானும் மோனிஷாவும் மருத்துவமனைக்குப் போகிறோம்.