சத்தம் நின்ற பிறகு கம்பளைக்கு

எங்கள் அண்ணன் மஹய்யாவையில் பிறந்தார். நினைவு மலருக்கு இந்த ஒரு வரியை எழுதவே எனக்கு அரை நாள் ஆயிற்று. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். பிழை இருந்தால் அச்சுக்கோப்பவர் திருத்தட்டும். திருத்தாமல் விட்டால் அது அவர் பிழை.

அப்பா நகரசபையில் வேலை பார்த்தவர். அவர் காலமானதும், மீசை ஒழுங்காக முளைக்காத வயதிலேயே அண்ணன் பேராதனை வீதியில், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் முதலாளியின் மோட்டார்ப் பட்டறைக்கு வேலைக்குப் போனார். என்னை வளர்த்தவர் அவர்தான். பொறுமைசாலி. கோபத்தில் ஸ்பேனரை வீசியதுண்டு. யார் மேலும் பட்டதில்லை. குறி அவ்வளவு மோசம்.

ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பள்ளத்தில் உருட்டிவிட்ட காரின் அடிச்சட்டத்தை நானா அண்ணனுக்குக் கொடுத்தார். அதன்மேல் அண்ணன் இரண்டு பேர் உட்காரும் ரேஸ் கார் ஒன்றைக் கட்டினார். உடம்பு தேயிலைப் பெட்டிப் பலகை, மேலே தகரம்.

"அண்ணே, இதக் கப்பல்ல ஏத்துனா லண்டன்ல கொதிக்க வச்சுக் குடிச்சிருவானுக."

"வாய மூடிட்டுப் போல்ட்டப் பிடிடா."

சக்கரத்துக்கு மேல் வண்டியைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்கின் முனையில் வளையம் இருக்கும். அதற்குள் புஷ் என்னும் பித்தளைக் குழாய். குழாய்க்குள் ஓர் ஆணி. வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்த ஆணி அங்கேதான் அசையும். புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து இறக்க அண்ணன் விடமாட்டார். நீளமான போல்ட்டை உள்ளே விட்டு, இரு பக்கமும் வாஷர் வைத்து, நட்டை மெல்ல இறுக்கி இழுப்பார்.

"அடிச்சா வாய் பிதுங்கிரும். இது என்ன ஒன் மண்டையா, அடி வாங்கிப் பழகிப்போக?"

ஒவ்வொரு புஷ்ஷுக்கும் மேலே திருகு மூடி போட்ட ஒரு கிண்ணம். மூடிக்குள் பெருவிரலால் கிரீஸை அழுத்தி நிரப்பித் திருகுவார். ஓட்டும் முன் அரைச் சுற்றுத் திருகினால் கிரீஸ் ஒரு துளை வழியே புஷ்ஷுக்குள் இறங்கும்.

முதல் ஓட்டம் வாவிக் கரையைச் சுற்றி. வண்டி நன்றாகத்தான் ஓடியது. இடது பின்பக்கம் மட்டும் கிரீச், கிரீச் என்று கத்தியது.

"நல்லதாப் போச்சு, ஹாரன் வாங்கத் தேவல்ல" என்றேன்.

அண்ணன் அந்த மூடியைத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. "நெறஞ்சிருக்குடா, அதான் எறங்கல" என்றார். அண்ணி தலையில் பூ வைத்துக்கொண்டு, ஏறுவதற்குத் தயாராக வாசலில் நின்றிருந்தார்.

"இந்தச் சத்தத்தோட ஒன்ன ஏத்த மாட்டேன் புள்ள. சத்தம் நிக்கட்டும், நேரா கம்பளைக்கு, ஒங்கம்மா வீட்டுக்குத்தான்."

அந்த வாரமே அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"சத்தம் நின்னுச்சாடா?"

"எங்க நிக்கிது? ஊரே காத மூடிக்கிட்டிருக்கு."

சிரித்தார். நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

அண்ணன் போய் ஒரு வருஷமாகி, தலைத் திவசம் நெருங்கியது. தன் அம்மாவை அழைக்கக் கம்பளைக்குப் போக வேண்டும் என்றார் அண்ணி. ரயிலில் போகலாம் என்றேன்.

"ரயில்ல போறதுக்கா தம்பி இவ்வளவு நாளாக் காத்திருக்கேன்? சத்தமில்லாமக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரு. அப்புடியே கூட்டிட்டுப் போங்க."

வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றி, புஷ்ஷை வெளியே இழுத்தேன். பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணன் அதை அழகாக, ஒரு கீறல் இல்லாமல் இறக்கியிருந்தார். கிரீஸ் இறங்கும் துளையை மட்டும் மூடிக்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில் வைத்துவிட்டார். வழி அடைத்துக் கிடந்தது. ஒரு பொட்டுக் கிரீஸ்கூட உள்ளே போகவில்லை.

அதே சிரிப்போடு மூடியைத் திறந்தேன். கிரீஸ் அப்படியே இருந்தது. நடுவில் ஒரு குழி. பெருவிரல் ரேகை வரிவரியாகப் பதிந்திருந்தது.

அண்ணியைக் கூப்பிட்டேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"எடுத்து வச்சிருவமா அண்ணி? வேற கிரீஸ் இருக்கு."

"வேணாம். அவரு வச்சது உள்ள போகட்டும்."

துளையை மூடிக்கு நேராக வைத்து, போல்ட் போட்டு மெல்ல இழுத்தேன். எல்லாவற்றையும் மாட்டிய பிறகு மூடியை அண்ணியே திருகினார். இந்த முறை வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஆணியின் ஓரத்தில் கிரீஸ் மெல்லிய வளையமாகப் பிதுங்கி வந்தது.

பேராதனை தாண்டி, மகாவலி ஓரமாகப் போனோம். அண்ணி வழி முழுக்க இடது பக்கம் காதைச் சாய்த்தபடி வந்தார். கம்பளைக்குள் நுழையும்போது, மெதுவாக, "நின்னுருச்சுங்க" என்றார். என்னிடம் சொன்னதல்ல.

ஆஸ்பத்திரியில் தண்ணீர் கொடுத்தவர்களுக்கும், மழையில் பாடைக்குத் தோள் கொடுத்த மஹய்யாவை ஆட்களுக்கும், அன்று பட்டறையை மூடிவிட்டு வந்த நானாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. துளையைக் கோணலாக வைத்த மெக்கானிக்கைக் கிண்டல் பண்ண ஒரு வண்டி வார்த்தை சேர்த்து வைத்திருக்கிறேன். ஸ்பேனரை வீசத்தான் ஆள் இல்லை.